நீலம் என்று எழுதிய நாட்கள்

டிரான்ஸ்பார்மரும் மூச்சு விடும். சூடு ஏறினால் உள்ளே எண்ணெய் விரிந்து காற்றை வெளியே தள்ளும், தணிந்தால் உள்ளே இழுக்கும். இழுக்கிற காற்றில் ஈரம் இருந்தால் எண்ணெய் கெட்டுக் கசடு தட்டிவிடும். அதற்காகத்தான் மூச்சுக் குழாயில் ஒரு கண்ணாடிக் குடுவை, அதற்குள் ஈரத்தை உறிஞ்சுகிற மணிகள். நீலமாக இருந்தால் நல்லது, ரோஸ் ஆனால் மாற்ற வேண்டும். எங்கள் சப்ஸ்டேஷனில் தினமும் காலையில் பார்த்து நிறத்தை நோட்டில் எழுதுவது என் வேலை. பதினெட்டு வருஷமாக எழுதுகிறேன்.

அன்று இன்ஜினியரம்மா எண்ணெய்ப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வந்து நோட்டை என் முன்னால் விரித்தார். என்னைவிடச் சின்னவர். குரலை உயர்த்தாமலே ஆளைப் பயமுறுத்தத் தெரிந்தவர். எனக்கு அன்று பயம் வரவில்லை.

“ஈரம் ஏறியிருக்கு, அமிலமும் ஏறியிருக்கு. நீங்க அறுபத்தெட்டு நாளா நீலம்னு எழுதியிருக்கீங்க. அந்தக் குடுவையில எங்கண்ணே நீலம் இருக்கு?”

போய்ப் பார்த்தேன். மணிகள் பச்சையாக இருந்தன.

‘ஒட்டடை’ என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டை ஃபிட்டர் தலையைச் சொறிந்தான். “புது ரகம்ணே. நல்லா இருந்தா ஆரஞ்சு, கெட்டா பச்சை. நீங்க லீவுல இருந்தப்ப மாத்தினேன். நோட்டீஸ் போர்டுலகூட ஒட்டியிருந்துச்சே.”

அந்த லீவு என் மனைவியின் சாவுக்கு எடுத்தது. திரும்பி வந்த நாளிலிருந்து தினமும் குடுவை முன்னால் நின்றேன். ஆரஞ்சையும் பார்த்திருப்பேன், பச்சையையும் பார்த்திருப்பேன். கை பாட்டுக்கு நீலம் என்று எழுதியிருக்கிறது. இதைச் சொன்னால் எவன் நம்புவான்? எனக்கு வெட்கம்கூட வரவில்லை. மரத்துப்போன காலை யாரோ மிதித்த மாதிரிதான் இருந்தது.

“அஞ்சு மணிக்குள்ள எழுத்துல விளக்கம் வேணும். இல்லைன்னா சஸ்பெண்ட்தான், என் கையில இல்ல” என்று சொல்லிவிட்டு இன்ஜினியரம்மா போனார்.

ஒட்டடை காதைக் கடித்தான். “கண்ணு சரியில்லன்னு எழுதிடுங்கண்ணே.”

“அப்புறம் டிரான்ஸ்பார்மர் யார்டுக்குள்ள விடுவானாடா?”

யார்டு போனால் பகல் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும். அந்த வீட்டில் என்னால் உட்கார முடியாது.

‘கவனிக்கவில்லை’ என்று எழுதி அடித்தேன். ‘வேலைப் பளு’ என்று எழுதி, எனக்கே சிரிப்பு வந்து, அதையும் அடித்தேன். மனைவி இறந்ததை இதுவரை என் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. ஆபீசுக்குப் போன் பண்ணியதுகூட மச்சான்தான். கடைசியில் இரண்டே வரி எழுதினேன்: என் மனைவி இறந்துவிட்டாள். எனக்கு நிறம் தெரியவில்லை.

இன்ஜினியரம்மா அதை இரண்டு தடவை படித்தார்.

“மேல அனுப்பறேன். என்ன சொல்வாங்கன்னு தெரியாது” என்றார். பிறகு நோட்டைத் தள்ளினார். “இன்னிக்கு வரி காலியா இருக்கு. என்ன நிறம்ணே?”

“பச்சை.”

“எழுதுங்க.”

எழுதினேன். அவள் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.