உருளைக்கு முதல் கவளம்

எங்கள் பட்டறைக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. குப்பை அரைக்கும் எந்திரத்தின் உருளையில் தேய்ந்த பற்களை வெட்டியெடுத்து, புதுசு வைத்துப் பற்றவைத்து, எந்திரத்தில் திரும்ப மாட்டியதும், முதல் கவளத்தை வெல்டிங் செய்தவரே ஊட்ட வேண்டும். எதை ஊட்டுவது என்பது அவரவர் இஷ்டம். போன மாதம் எங்கள் பட்டறை வெல்டர் ஆர்வித் தன் டிரெட்மில்லை ஊட்டிவிட்டு, உடம்பு லேசானதாகச் சொன்னான்.

வெர்னா தனியாகச் செய்த முதல் உருளை இது. ஒழுங்காக அரைத்தால் அவள் வெல்டர். ஒரு பல் கழன்றாலும் பழையபடி சாணை பிடிக்கப் போக வேண்டியதுதான். முதலாளி ஹால்வர்சன் இதை டோனட் தின்றபடி அறிவித்தார். பெரிய அறிவிப்புகளை அவர் வெறும் வாயால் செய்வதில்லை.

வெர்னா கொண்டுவந்தது ஒரு தோல் சாய்வு நாற்காலி. விவாகரத்தில் அது அவளுக்கும், சோபா அவள் முன்னாள் புருஷன் டுவெய்னுக்கும் போயிருந்தது. எந்திரம் நிற்கும் குப்பைக் கிடங்குக்கு மேலாளர் அந்த டுவெய்ன்தான். எங்கள் டுலூத் சின்ன ஊர்.

குப்பையை உருளைக்கு நகர்த்திச் செல்லும் எந்திரத்தின் பட்டையில் நாற்காலியை ஏற்றினோம். டுவெய்ன் ஓடிவந்து அதில் உட்கார்ந்து, காலையும் நீட்டிக்கொண்டான்.

"எறங்குய்யா," என்றாள் வெர்னா.

"மாட்டேன்டி. பதினோரு வருஷம் இதுல உக்காந்துதான் ஃபுட்பால் பாத்தேன்."

"ஒரு தடவையாவது நம்ம டீம் ஜெயிச்சுதா? மொதல்ல இத அரைக்கணும்."

"நீ அரைச்ச! நீ பத்தவச்ச கேட்டு கீலு காத்துக்கே கழண்டுச்சு. இந்தப் பல்லு பஞ்சக்கூடக் கடிக்காது. நான் இங்கயேதான் இருப்பேன், போட்டுக்கோ."

"சரி," என்றாள்.

உருளையை மட்டும் ஓடவிட்டாள். பட்டையின் சாவி அவள் பாக்கெட்டிலேயே இருந்தது. உருளை உறுமியது. ஹால்வர்சனின் டோனட்டிலிருந்து சர்க்கரை உதிர்ந்தது. டுவெய்ன் எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தான், பிறகு கார் நிறுத்துமிடத்தில் இருந்தான். நடுவில் ஒரு பூட்ஸ் கிடந்தது.

"நாளையிலேருந்து நீ வெல்டர்மா," என்றார் ஹால்வர்சன்.

"இன்னும் ஒண்ணும் அரைக்கலியே முதலாளி?"

"உன் வேலைய நம்பாத ஒரே ஆளு அவன்தான். அவனே நம்பிட்டான்."

இருந்தாலும் டுவெய்ன் தூரத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு பட்டையை ஓட்டினாள். நாற்காலி முறுக்குபோல நொறுங்கியது. ஒரு பல்கூட அசையவில்லை. நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்தோம். ஆர்வித் அழுதான், தூசி என்றான்.

டுவெய்ன் ஒற்றைக் காலில் நொண்டி வந்து பூட்ஸை மாட்டினான்.

"இன்னொரு உருளை தேஞ்சு கெடக்கு," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "நீயே பண்ணித் தர்றியா?"

"பண்றேன். சோபாவையும் கூடவே ஏத்திட்டு வா."