வாய்க்குப் பொருந்திய வார்த்தை

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். தொலைக்காட்சியில் ஞாயிறு மாலை போடுகிற படங்களைக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும்படி வெட்டித் தருவது அவள் வேலை. யாராவது குடித்தால் கிளாஸை மறைக்க வேண்டும். கட்டிப்பிடிக்கக் கை நீண்டால், கை போய்ச் சேர்வதற்குள் அடுத்த காட்சிக்குத் தாவிவிட வேண்டும். கெட்ட வார்த்தை வந்தால் எடுத்துவிட வேண்டும்.

எடுத்த இடத்தைச் சும்மா விடக் கூடாது என்பது புதிதாக வந்த உத்தரவு. முன்பு 'பீப்' சத்தம் போட்டார்கள். பிறகு சத்தத்தை நிறுத்தி வாயை மட்டும் அசைய விட்டார்கள். இரண்டுக்கும் புகார் வந்தது. அது என்ன வார்த்தை என்று பிள்ளைகள் கேட்டுத் துளைக்கிறார்களாம். அதனால் அதே படத்தில் வேறு எங்கிருந்தாவது ஒரு நல்ல வார்த்தையைப் பிடித்து அந்த வாயில் ஒட்ட வேண்டும். கத்தரி இதில் கெட்டிக்காரி. உதடு எங்கே ஒட்டுகிறது, தாடை எங்கே இறங்குகிறது என்று மட்டும் பார்ப்பாள். கதாநாயகனின் பரம்பரையையே இழுத்துத் திட்டிய ஒரு வில்லனின் வாயில் 'பழைய பாத்திரம்' என்று ஒட்டினாள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

மேலதிகாரிக்குக் குடும்பம் என்று பெயர். எதைக் கேட்டாலும் "குடும்பத்தோட பாக்குறாங்கம்மா" என்பார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

அந்த வாரம் வந்த நகைச்சுவைப் படத்தின் பெயரைப் பார்த்ததும் அவளுக்குக் கை ஓடவில்லை. அது அப்பாவின் படம்.

அப்பாவின் படம் என்றால் அப்பா அதில் ஒரே ஒரு காட்சியில் வருகிறார். இளவயதில் அவர் படங்களில் கூட்டத்தோடு நிற்கும் வேலை பார்த்தார். இந்தப் படத்தில் ஹோட்டல் சர்வராக நிறுத்தினார்கள். அப்போது கொடிகட்டிப் பறந்த ஒரு காமெடி நடிகர் சாப்பிட வருவார். சர்வர் அவர் கோட்டில் தண்ணீரைக் கொட்டிவிடுவார். அவர் மூன்று முறை அறைவார். அவ்வளவுதான் காட்சி. ஆனால் நடிகர் நிஜமாகவே அறைந்தாராம். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அறை பலமாகிக்கொண்டே போனதாம். கடைசியில் அப்பா நிமிர்ந்து, எழுதிக் கொடுக்காத ஒரு வார்த்தையால் அவரைத் திட்டிவிட்டாராம். படப்பிடிப்பில் எல்லாரும் சிரித்துவிட்டதால் டைரக்டர் அதையே வைத்துக்கொண்டாராம். அதற்கப்புறம் அப்பாவை யாரும் நடிக்கக் கூப்பிடவில்லை. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனார்.

இது அப்பா சொன்ன கதை. படம் ஓடி மறைந்து வெகுகாலமாயிற்று. வீட்டில் யாரும் அதைப் பார்த்ததில்லை, நம்பியதும் இல்லை.

"அவரு அடிச்சாராம், இவரு திட்டினாராம். வீட்டு ஓனர் வந்தா கதவுக்குப் பின்னால போய் நிக்கிற ஆளு" என்பாள் அம்மா.

படம் வந்திருப்பதைச் சொன்னபோது அப்பா சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தார்.

"நீயாம்மா வெட்டப் போற?"

"ஆமாப்பா."

"என்னை வெட்டிடாத."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் சொல்லப் போனார். அண்ணனுக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். "இனிமே உங்கம்மா வாயைத் திறக்க மாட்டா, பாரு" என்று அவர் சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது.

வெட்டும் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, சவுண்டு பார்க்கும் பையனோடு உட்கார்ந்தாள். படம் பாதி ஓடியபின் தட்டோடு ஒரு சர்வர் வந்தார். அண்ணனின் மூக்கு. தண்ணீர் கொட்டியது. முதல் அறை. தொப்பி நகர்ந்தது. இரண்டாவது. மூன்றாவதில் தலை ஒரு பக்கமாகத் திரும்பிப்போய் நின்றது. கன்னம் சிவந்திருந்தது. மேக்கப்பில் அப்படிச் சிவக்காது. சர்வர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். நடிகரின் கண்ணைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னார். கத்தவில்லை. ஒரு பொருளைக் கையில் கொடுப்பதுபோலச் சொன்னார். நடிகரின் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரத்துக்கு அவர் பெரிய நடிகராகவே இல்லை.

அத்தனையும் உண்மை. அப்பா ஒரு பிடி உப்புகூடச் சேர்த்துச் சொல்லவில்லை.

"யாருக்கா இந்த ஆளு? பிச்சிட்டான்" என்றான் சவுண்டு.

"தெரியல" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே புரியவில்லை. வாயில் முதலில் வந்தது அதுதான்.

குடும்பம் வந்து பின்னால் நின்று பார்த்தார். அறை விழும்போதெல்லாம் அவர் வயிறு குலுங்கியது. வார்த்தை வந்ததும் முகம் சுளித்தார்.

"சீனையே தூக்கிடும்மா."

"அடியுமா சார்?"

"அடி காமெடிம்மா. அடிச்சா குழந்தைங்க சிரிக்கும். அந்த வார்த்தைதான் அசிங்கம். குடும்பத்தோட பாக்குறாங்க."

அவள் அவரிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை. லீவுகூட எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். இப்போது சொன்னாள்:

"வார்த்தையை மட்டும் மாத்திடுறேன் சார். சீன் இருக்கட்டும்."

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "சரி, சாயங்காலத்துக்குள்ள முடி. ஒரிஜினலை வாங்கிட்டுப் போகப் படத்தோட ஓனர் வர்றாரு."

அவள் படத்தை முன்னும் பின்னும் ஓட்டினாள். அப்பா வேறெங்காவது பேசியிருந்தால் அவர் குரலையே ஒட்டிவிடலாம். அவருக்குப் படத்தில் வேறு வார்த்தையே இல்லை. மற்றவர்களின் பேச்சில் தேடினாள். உதடு ஒட்டாத வார்த்தையாக இருக்க வேண்டும், தாடை இரண்டு முறை இறங்க வேண்டும். 'அட'வைப் போட்டாள், சீக்கிரம் முடிந்துவிட்டது. 'தள்ளு'வைப் போட்டாள், முடிவில் உதடு குவிந்தது. மதியம் தாண்டி ஒன்று கிடைத்தது. கதாநாயகனுக்குக் கதவு திறந்துவிடும் காவல்காரன், கட்டைக் குரலில், 'ஐயா' என்கிறான். எடுத்துப் போட்டாள். அளந்து தைத்ததுபோல் உட்கார்ந்தது. ஒரு இழைகூடப் பிசகவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

நடிகரின் திகைத்த முகம் மட்டும் இப்போது இடறியது. 'ஐயா' என்றதற்கு ஒருவர் ஏன் அப்படித் திகைக்க வேண்டும்? அதையும் வெட்டினாள். காட்சி வழவழவென்று ஓடியது.

"அந்த ஆளு இதைச் சொல்லத்தான் பொறந்த மாதிரி இருக்குக்கா" என்றான் சவுண்டு.

பஸ்ஸில் போகும்போதுதான் தான் ஒட்டிய வார்த்தை அவளுக்குக் கேட்டது. அதுவரை தாடையையும் உதட்டையும் தவிர வேறொன்றும் அவள் கண்ணில் படவில்லை. அறை வாங்கிய மனிதன் நிமிர்ந்து பார்த்து 'ஐயா' என்கிறான். அப்பாவின் வாயில் அதை வைத்தது அவள் கை. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

காலையில் முதல் ஆளாகக் குடும்பத்தின் மேஜை முன் நின்றாள்.

"சார், அந்த சர்வர் சீனை எடுத்துடலாம். நீங்க சொன்னதுதான் சரி."

"எதுக்கும்மா? பிரமாதமா வந்திருக்கு. விளம்பரத்துலயே அதைத்தான் போட்டிருக்கோம்."

"பழைய மாதிரி சத்தத்தையாவது நிறுத்திடுறேன் சார். ஒரிஜினல்..."

"நேத்தே குடுத்து அனுப்பியாச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு என்னம்மா ஆச்சு? யாராவது தெரிஞ்சவங்களா?"

அவள் தலையாட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவருக்குப் புரிந்திருக்காது. அவர் மறுபடி கேட்கவும் இல்லை.

விளம்பரத்தில் அறைகள் மட்டும்தான் வந்தன. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அடி வாங்குறதுதான தெரியுது" என்றாள் அம்மா.

"பொறு. முழுசும் ஞாயித்துக்கிழமை வரும்." பிறகு மகளைப் பார்த்து, "வார்த்தை இருக்குல்லம்மா?" என்றார்.

"நீங்க இருக்கீங்கப்பா. நல்லா நடிச்சிருக்கீங்க."

"நடிச்சேனா?" என்று அவர் சிரித்தார்.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். நாளைக்கும் அப்படியே இருந்தாள்.

ஞாயிறு மாலை அண்ணன் தன் மகளோடு வந்தான். தையல்காரர் தன் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டிவிக்கு நேரெதிரே உட்கார்ந்தார். கத்தரி சுவரோரமாக நின்றாள். அங்கிருந்து டிவி சரியாகத் தெரியாது. அப்பாவின் முகம் தெரியும்.

சர்வர் வந்தார். "தாத்தா" என்று குழந்தை கத்தியது. தண்ணீர் கொட்டியது. முதல் அறைக்குக் குழந்தை சிரித்தது. இரண்டாவதற்கு அண்ணனும் தையல்காரரும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவதற்கு அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்தார். டிவியில் சர்வர் நிமிர்ந்தபோது அவரும் நிமிர்ந்தார். சர்வரின் வாய் திறந்தபோது அவர் வாயும் திறந்தது. சத்தமில்லாமல், தாடை இறங்கி இறங்கி, அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"ஐயா" என்றது டிவி, கட்டைக் குரலில்.

அப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது. டிவியில் அடுத்த காட்சி வந்துவிட்டது.

"என்னங்க, இதான் அந்தத் திட்டா?" என்று கேட்ட அம்மாவுக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. "இதுக்குத்தான் இவ்வளவு நாளா என்னை இந்தப் பாடு படுத்தினீங்களா?"

"குரல் கம்பீரமா இருக்கு அண்ணே" என்றார் தையல்காரர். அவர் நல்ல மனிதர்.

"அப்பா திட்டினாரும்மா" என்றாள் கத்தரி. முதலில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அப்பா நிஜமாவே திட்டினாரு. நான் பாத்தேன். நான்தான் எடுத்துட்டேன். அது அப்பா குரலே இல்ல."

ஒரு கணம் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு அண்ணன் புன்னகை செய்தான். "அப்பாவை விட்டுக்குடுக்க மாட்டாளே."

"பொண்ணுன்னா அப்படித்தான் இருக்கணும்" என்றார் தையல்காரர்.

"இல்ல, நான் நிஜமா..."

"விடும்மா" என்றார் அப்பா. "குழந்தை இருக்கு."

மற்றவர்கள் படத்தைப் பார்க்கத் திரும்பினார்கள். அப்பா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எடுத்தது சரி. அதை அங்க வச்சது யாரு?"

"நான்தான்ப்பா. நீங்க இருக்கணும்னு..."

"நல்லா பொருந்துச்சு" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. அவர் சலவைச் சட்டையின் கைப்பட்டனைக் கழற்றி, கையை மடித்து விட்டுக்கொண்டார்.

விளம்பர இடைவேளையில் குழந்தை அவர் மடியில் ஏறிக்கொண்டது. சின்ன உள்ளங்கையை ஓங்கி, கன்னத்தில் ஒன்று வைத்தது.

"தாத்தா, சொல்லு."

"என்ன சொல்லணும்?"

"டிவில சொன்னல்ல. அது."

இன்னொன்று வைத்தது. அம்மா சிரித்துக்கொண்டே, "சொல்லுங்களேன், குழந்தை ஆசையா கேக்குதுல்ல" என்றாள். மூன்றாவது அறைக்கு அப்பாவின் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. அவர் மெதுவாகத் திரும்பிக் குழந்தையின் கண்ணைப் பார்த்தார்.

"ஐயா" என்றார்.

வீடே சிரித்தது. படம் முழுக்கத் தேடியும் அவளுக்குக் கிடைக்காமல் போன குரல் அது.