மடிப்பக்காவின் அபிப்பிராயங்கள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் அக்கா, புதிதாக வந்த மூன்று மணி நேரப் படம் ஒன்றைப் பற்றி, "நல்ல படம்தான், ஒரு அரை மணி நேரம் குறைச்சிருக்கலாம்" என்று சொன்ன மறுநாள், அந்தப் படம் ஓடிய எல்லாத் திரையரங்குகளிலும் அது அரை மணி நேரம் குறைந்திருந்தது. யாரும் வெட்டவில்லை. பார்க்க வந்தவர்கள் நேரத்துக்கு முன்பே வெளியே வந்து, இன்னும் பேருந்து வராத நிறுத்தத்தில் நின்றார்கள். ஏற்கெனவே முழுப் படத்தையும் பார்த்து முடித்தவர்களுக்கு அந்த வாரத்தில் ஏதோ ஒரு நாளில் அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. ஒரு மருந்துக்கடைக்காரர் அதைத் தூங்கிக் கழித்தார். இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத ஒரு மாமனாரும் மருமகனும், திடீரென்று கையில் வந்து விழுந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பேசிவிட்டார்கள். தயாரிப்பாளர் காவல் நிலையத்துக்குப் போனார். எழுதிக்கொள்ள உட்கார்ந்த காவலரும் அந்தப் படத்தைப் பார்த்தவர்தான். காணாமல்போனது எந்தப் பகுதி என்று இருவருமாக மாலை வரை யோசித்தும் ஞாபகம் வராததால், புகார் பதிவாகவில்லை.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருடமாக அந்தக் கூடத்தில் நாளைக்கு அறுநூறு விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் அவளை மடிப்பக்கா என்றார்கள். விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவளுக்கு எதிர்முனைக்காரி என்று பெயர். சுவரில் ஒரு டிவி இருந்தது. உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலில் பாதி வசனம் காதில் விழாது, மீதிப் பாதியின்போது இருவரும் நடுவில் வந்து நுனிகளைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் மடிப்பக்கா எந்தத் தொடரையும் ஒழுங்காகப் பார்த்தவள் அல்ல. பாத்திரங்களின் பெயர் தெரியாது. பச்சைச் சட்டைக்காரன், மூக்குறிஞ்சி, கதவுக்குப் பின்னாடி நிக்கிறவ என்று அவளாக வைத்த பெயர்கள்தான். வீட்டில் அவள் கணவர், தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர், எண்களைத் தவிர அதிகம் பேசாதவர். அபிப்பிராயம் என்று அவளை யாரும் கேட்டதில்லை, அவளும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. துணியிலிருந்து பஞ்சு உதிர்வது போல வாயிலிருந்து உதிரும், அவ்வளவுதான்.

உதிர்ந்தது எல்லாம் பலித்தது. "இந்த டாக்டர் பொண்ணு வேலை எப்பப் பார்ப்பா? எந்நேரமும் அழுகையாத்தானே இருக்கு" என்றாள். அன்று முதல் அந்தத் தொடரில் டாக்டர் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள், நாற்பது நோயாளிகள் குணமாகி வீட்டுக்குப் போனார்கள். "வில்லனுக்குக் கண்ணை உருட்டுறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது போல" என்றாள். அடுத்த வாரமே அவன் நீச்சலடித்தான், சைக்கிள் செயினை மாட்டினான், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். பத்துப் பாகமாக வந்த துப்பறியும் தொடரைப் பார்த்து, "கொலைகாரன் யாருன்னு மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு, இதுக்குப் பத்து பாகமா?" என்றாள். முதல் பாகத்தின் முடிவிலேயே கொலைகாரன் சரணடைந்தான். மீதி ஒன்பது பாகங்களில் துப்பறிவாளர் தன் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டார். அதை ஊரே விரும்பிப் பார்த்தது.

விஷயம் வெளியே தெரிந்ததும் செவிலியர்கள் வந்தார்கள், சமையல்காரர் வந்தார், அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள்கூடச் சக்கர நாற்காலியில் வந்தார்கள். அந்த ஜோடி சேரணும்னு சொல்லுங்க, அந்த மாமியாருக்கு ஒரு பாடம் கற்பிக்கச் சொல்லுங்க என்று கேட்டார்கள். மடிப்பக்கா முகம் கோணாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. "கேட்டு வாங்கினா அது அபிப்பிராயம் இல்லைங்க, சிபாரிசு" என்று எதிர்முனைக்காரி விளக்கம் சொல்லி அனுப்பினாள். கொஞ்ச நாளில் கூட்டம் குறைந்தது.

பிறகு அது நடந்தது. எட்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு குடும்பத் தொடரில் ஒரு தாத்தா வருவார். கிழிந்த விரிப்பு ஒன்று கொக்கியில் மாட்டிக்கொண்ட எரிச்சலில் இருந்த மடிப்பக்கா, தலையைத் தூக்கித் திரையைப் பார்த்து, "இந்தத் தாத்தாவை இன்னும் எத்தனை வருஷம்தான் இழுப்பாங்க? போய்ச் சேர்ந்தா கதையாவது நகரும்" என்றாள். அன்று மாலை தாத்தா தண்ணீர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார், அப்படியே விழுந்து இறந்தார். கதை நகர்ந்தது.

பன்னிரண்டாம் நாள், கையில் ஒரு துணிப்பையோடு அவர் சலவைக்கூடத்துக்கு வந்தார். முன்வாசல் கண்ணாடிக் கதவு அவருக்குத் திறக்காததால், நோயாளியைத் தள்ளிக்கொண்டு ஒரு வண்டி வரும்வரை இருபது நிமிடம் வெளியே நின்று, அதன் பின்னால் நுழைந்திருந்தார்.

"மடிப்பக்காங்கறது நீங்கதானா?"

"ஆமாங்க" என்று திரும்பியவள் கையிலிருந்த விரிப்பை நழுவ விட்டாள். "ஐயா! நீங்க செத்துட்டீங்களே!"

"அதைப் பத்திப் பேசத்தாம்மா வந்தேன்" என்றார் அவர்.

தாத்தாவாக நடித்தவருக்கு எழுபத்தொரு வயது. கோபமாக வந்தவர்போல் தெரியவில்லை, களைத்து வந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். தொடரில் இறந்த மறுநாளிலிருந்து தானாகத் திறக்கும் கதவுகள் அவருக்குத் திறப்பதில்லை. கைபேசி அவர் விரலை அடையாளம் காண்பதில்லை. புகைப்படத்தில் அவர் உட்கார்ந்த நாற்காலி மட்டும் விழுகிறது. அவருடைய மகனைத் தெருவில் நிறுத்தித் துக்கம் கேட்கிறார்கள், பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருக்கும்போதே. இதெல்லாம் போகட்டும் என்றால், உடம்பு குறைந்துகொண்டே வருகிறது. மூட்டைகளை நிறுக்கும் எடை மேடையில் அவரை ஏற்றினார்கள். நாற்பத்தொரு கிலோ காட்டியது. இறப்பதற்கு முன் அறுபத்திரண்டு இருந்ததாக அவர் சொன்னார்.

அவர் மகன் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்துகிறவன். தினமும் காலையில் அப்பாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மாலையில் அழைத்துப்போனான். அவருக்கு எப்போதும் குளிரெடுத்ததால், உலர்த்தும் இயந்திரத்தின் ஓரமாக நாற்காலியைப் போட்டு, சூடான துண்டு ஒன்றைப் போர்த்திவிட்டார்கள். மடிப்பக்கா டிவியைப் பார்த்து, "தாத்தா இருந்திருந்தா நல்லாருக்கும்" என்றாள். "தாத்தா செத்தது சரியில்லை" என்றாள். உரக்கச் சொன்னாள், கெஞ்சிச் சொன்னாள், வேறு வேலையாக இருப்பது போல நடித்துக்கொண்டும் சொன்னாள். மேடை முப்பத்து மூன்று காட்டியது, பிறகு இருபத்து நான்கு. அவர் வரும்போது மின்விசிறியை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீட்டர்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ வேணும்னு சொல்லலையே" என்றார்.

"வேணும்னு சொல்லியிருந்தா மன்னிப்புக் கேட்டுடலாம். ஒரு மனுஷனைப் பத்தி ஒண்ணுமே யோசிக்காம சொல்லிட்டேன். அதுதான் நெஞ்சைப் பிடிச்சு அழுத்துது."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, தான் வாசலில் மீட்டரைக் குனிந்து பார்த்துவிட்டு எத்தனையோ வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்றே பார்க்காமல் வந்துவிடுவதாகச் சொன்னார். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் எண் வராத அவருடைய நீண்ட பேச்சு அதுதான்.

மறுநாளிலிருந்து மடிப்பக்கா வாயை மூடிக்கொண்டாள். நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. எல்லாத் தொடர்களும் நின்றுபோயின. ஒரு தொடரில் கதவு தட்டப்பட்டது, யார் என்று திறந்து பார்க்கப் பதினொரு நாளானது. இன்னொன்றில் ஒருவன் கடிதத்தைப் பிரித்துக்கொண்டே ஒரு மாதம் நின்றான். தொடர்கள் முன்பும் அப்படித்தான் இருந்தன என்று சிலர் சொன்னதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

பேசாமல் இருந்த அந்த நாட்களில் அவள் பெரியவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தாள். எட்டு வருடத்தில் தனக்கு ஒரு முழு வசனம்கூடக் கிடைத்ததில்லை என்றார் அவர். "என்னம்மா", "சாப்பிட்டியா", "ஹும்". அவ்வளவுதான். அந்த "ஹும்"மைப் பதினேழு விதமாகச் சொல்லப் பழகியிருந்தார். சந்தேகத்துக்கு ஒன்று, சம்மதத்துக்கு ஒன்று, வலியை மறைக்க ஒன்று. சொல்லிக்காட்டினார். எதிர்முனைக்காரி சிரித்துச் சிரித்து விரிப்பை விட்டாள். மடிப்பக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வருடம் இவரைப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே என்று நினைத்தாள். அன்று மேடை பன்னிரண்டு கிலோ காட்டியது. ஈர விரிப்பு நாலைந்து சேர்ந்த எடை. மகன் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் குழந்தைகள் பிரிவிலிருந்து எழுபது விரிப்பு சேர்ந்தாற்போல் வந்து விழுந்தது. யாருக்கும் மூச்சு விட நேரமில்லை. டிவியில் அன்றுதான் ஒரு புதுத் தொடர் தொடங்கியிருந்தது. பெரிய வீடு, பளபளக்கும் தரை, ஆறு பேர் நின்றுகொண்டு ஒருவரையொருவர் முறைத்தார்கள். மடிப்பக்கா விரிப்பின் நடுவைத் தாடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாதி வார்த்தை துணிக்குள் போக, "வீடா இது, துணிக்கடை பொம்மைங்க மாதிரி நிக்குதுங்க. மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கிட்டுக் குறுக்க நெடுக்க நடக்க ஒரு பெரிய மனுஷர் வேணாமா? அவரையும் ஓரமா உக்கார வச்சுடாம, நாலு வார்த்தை பேச விடணும்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை உதறினாள்.

திரையில், சமையலறைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். கட்டம் போட்ட சட்டை, தோளில் மருத்துவமனை முத்திரை போட்ட துண்டு. சட்டைப் பையைத் தடவிக் கண்ணாடியைத் தேடினார். நின்றிருந்த ஆறு பேரும் வாய் பிளந்தார்கள். அந்தத் தொடரில் அவர்கள் நடித்ததிலேயே அதுதான் நன்றாக இருந்தது என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். பெரியவர் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார். நான்கு நிமிடம் நிறுத்தாமல் பேசினார். வீட்டில் யார் யாருக்கு என்ன வலி என்று ஒவ்வொருவராகச் சொன்னார்.

"பரவாயில்லையே, இந்த ஆள் நல்லா நடிக்கிறாரே" என்றாள் மடிப்பக்கா.

எதிர்முனைக்காரி விரிப்பைப் பிடித்தபடியே நாற்காலியைக் காட்டினாள். அது காலியாக இருந்தது. மடிப்பக்கா தரையில் உட்கார்ந்து, எழுபது விரிப்புக்கு நடுவில், வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை அவர் பேருந்தில் வந்து இறங்கினார். படப்பிடிப்புத் தளத்தில் தன்னைக் கண்டவர்கள் முதலில் காவலாளியைக் கூப்பிட்டதாகவும், பிறகு தேநீர் கொடுத்ததாகவும், கடைசியில் வாரம் நான்கு நாள் வரச்சொல்லியிருப்பதாகவும் சொன்னார். முன்வாசல் கதவு அவருக்குத் திறந்தது. திரும்ப வெளியே போய் இன்னொரு தடவை உள்ளே வந்து பார்த்தார், மறுபடியும் திறந்தது. மகன் அவரைப் புகைப்படம் எடுத்தான். நாற்காலியோடு அவரும் விழுந்தார். பழைய தொடரில் அவர் இறந்தவராகவே இருந்தார், சுவரில் படமாக மாட்டியிருந்தார்கள். அதில் அவருக்கு வருத்தம் இல்லை.

தொலைக்காட்சி நிறுவனம் மடிப்பக்காவுக்குக் கடிதம் போட்டு, வேலை தருவதாகச் சொன்னது. அவள் ஒரு நாள் போனாள். குளிரூட்டிய அறையில் மெத்தை நாற்காலியில் உட்கார வைத்து எட்டுத் தொடர்களைப் போட்டுக் காட்டினார்கள். மாலைவரை அவளுக்கு ஒரு அபிப்பிராயமும் வரவில்லை. கை சும்மா இருந்தால் வாய் வருவதில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். அதனால் கதை எழுதுகிறவர்கள் சலவைக்கூடத்துக்கு வர ஆரம்பித்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் நான்கைந்து பேர் வருவார்கள். சும்மா நிற்கக் கூடாது என்று மேற்பார்வையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் ஆளுக்கொரு நுனியைப் பிடித்து மடிப்பார்கள். சிலர் ஒரு வருடம் மடித்தும் ஒரு சொல் கிடைக்காமல் போயிருக்கிறார்கள், ஆனால் நன்றாக மடிக்கக் கற்றுக்கொண்டார்கள். மடிப்பக்காவும் மாறியிருந்தாள். வாயிலிருந்து உதிர்வதை அவளால் தடுக்க முடியாது. ஆனால் திரையில் ஓரமாக நிற்பவர்களையும் இப்போதெல்லாம் பார்த்தாள். தொடர்களில் வேலைக்காரிகளும் காவலாளிகளும் தபால்காரர்களும் நிறையப் பேச ஆரம்பித்தது அந்த வருடத்திலிருந்துதான்.

பெரியவர் விடுமுறை நாட்களில் வருவார். ஒரு மதியம் அவருடைய தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அவரோ இயந்திரத்தின் கதகதப்பில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். திரையில் அவர் மருமகளிடம் கையை ஆட்டி ஆட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்த இடத்துல கொஞ்சம் அதிகமாயிடுச்சு" என்றாள் மடிப்பக்கா, நுனியைச் சேர்த்தபடி.

"எனக்கும் அப்பவே தோணுச்சும்மா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

திரையில் அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தி, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எதிர்முனைக்காரி அடுத்த விரிப்பை எடுத்தாள்.