பலகையை வைத்தவள்

1

இந்தக் கதையில் எனக்குச் சொந்தமானது கொஞ்சம்தான். என் கணினியின் விசிறி அலறத் தொடங்கியதால் அதைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் மேசையை உள்ளங்கையால் தட்டிச் சொன்னார்:

"மரம் தூரத்துலேயே மரமாத் தெரியணும் தம்பி. கிட்டப் போனதும் திடீர்னு முளைக்கக் கூடாது."

"ஒரு ரயில் கேமுக்கா இவ்வளவு கோபம்?" என்று கடைக்காரர் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

என் காதில் விழுந்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ரயில் என்றால்—"

(வேண்டாம். சின்ன வயதை இழுத்தால் இரக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.)

இரண்டாவது: "வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்ட ரயில் ஓட்டுநர் ஒருத்தி, வீட்டில் உட்கார்ந்து ரயில் ஓட்டினாள்."

இது நிற்கும். கடையில் 'அவர்' என்றேன், கதைக்குள் 'அவள்' என்கிறேன். இந்தக் கோபத்தின் பக்கத்தில் நிற்க எனக்கு அதுதான் வசதி.

நடந்தது இது. நீண்ட விடுப்பு முடிந்து அவள் ஓட்டிய முதல் ரயில். வளைவு திரும்பியதும் சிவப்பு விளக்கு மூக்குக்கு நேரே நின்றது. பிரேக்கை முழுதாகப் போட்டாள். ரயில் விளக்கைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. அந்தப் பக்கம் தண்டவாளத்தில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளி ஒருவருக்கு ஒரு கால் போயிற்று.

வளைவில் புதிதாக ஒரு விளம்பரப் பலகை முளைத்திருந்தது, அதுதான் விளக்கை மறைத்தது என்றாள். விசாரணைக் குழு போய்ப் பார்த்தபோது அங்கே பலகை இல்லை. அதன் கம்பம் நின்ற இடத்தில், குழியை மூடிய ஈரம் காயாத சிமெண்ட் இருந்தது. அதை யாரும் குனிந்து பார்க்கவில்லை. அதே தடத்தில் ஓட்டும் சக ஓட்டுநர்களைக் கேட்டார்கள். "கவனிக்கலை சார்" என்றார்கள், ஒருவர் விடாமல். கவனிக்காதவர்களுக்கு வேலை இருந்தது. கவனித்தவளின் பெயருக்கு எதிரே 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள்.

(இந்த வரியை எழுதும்போது என் பேனா தாளைக் கிழித்தது என்று போடலாம். நான் தட்டச்சு செய்கிறேன். பல்லைக் கடித்தேன், அது உண்மை.)

3

அந்தத் தடத்தை யாரோ ஒரு ரயில் பித்தர் மரம், பாலம், விளக்கு எல்லாம் அளவு மாறாமல் வரைந்து, ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றுக்காக இலவசமாக இணையத்தில் விட்டிருந்தார். வீட்டுப் பழைய கணினியில் அதை ஓட்டிப் பார்த்தாள். வளைவில் படம் திக்கித் திக்கி நின்று, விளக்கு கடைசி நொடியில் முளைத்தது.

"பாருங்க, இப்படித்தான் வந்துச்சு," என்று கணவரைக் கூப்பிட்டாள்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் கையில் தட்டோடு வந்து நின்றார். "உன் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குதும்மா. அதனாலதான் லேட்டாத் தெரியுது."

"அப்போ நீங்களும் அவங்க ஆளா?"

"நான் சொல்லலேன்னா அவங்க சொல்லுவாங்க. யோசிச்சுப் பாரு."

யோசித்தாள். அதனால்தான் கடைக்குப் போனாள். படம் திக்காமல் ஓட புது கிராபிக்ஸ் கார்டு மட்டும் போதாது, பழைய புராசசர் அதற்கு ஈடு கொடுக்காது என்றார் கடைக்காரர். புராசசரை மாற்றினால் மதர்போர்டை மாற்ற வேண்டும், ராம் நினைவகத்தைக் கூட்ட வேண்டும், இத்தனைக்கும் மின்சாரம் தர பவர் சப்ளையும் பெரிதாக வேண்டும். கடைசியில் பழையதில் மிஞ்சியது பெட்டி மட்டும். எல்லாவற்றையும் தலையாட்டி ஒப்புக்கொண்டாள். ஒரு சாக்கையும் அவர்களுக்கு விட்டுவைக்க அவளுக்கு மனமில்லை.

4

புதிய கணினியில் தடம் எண்ணெய் விட்டதுபோல் ஓடியது. இலை இலையாக மரம் தெரிந்தது. வளைவு வந்தது.

சிவப்பு விளக்கு வெகு தூரத்திலேயே, பளிச்சென்று தெரிந்தது.

தடத்தை வரைந்தவர் பலகையை வைக்கவில்லை. அவர் வரைந்தபோது பலகையே இல்லை. விசாரணைக் குழு போய்ப் பார்த்த அதே உலகத்தைத்தான் அவள் இத்தனை பாடுபட்டுத் துலக்கி வைத்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் கணவர்.

"நல்லா வேலை செய்யுது," என்றாள். எதிரில் இருந்த தம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தாள்.

பிறகு அந்த விளையாட்டிலேயே தடத்தைத் திருத்தும் வசதியைத் திறந்து, நினைவில் இருந்த இடத்தில், நினைவில் இருந்த உயரத்தில், ஒரு பலகையை நட்டாள். ஓட்டிப் பார்த்தாள். விளக்கு கடைசி நொடி வரை மறைந்திருந்தது. பிரேக் போட்டாள். ரயில் தாண்டிப் போய் நின்றது.

(என் முந்தைய பிரதியில், இதைப் பார்த்துக் குழுவினர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். அடித்துவிட்டேன். அப்படி மன்னிப்புக் கேட்டவர்களை நான் பார்த்ததில்லை. இன்னொரு பிரதியில், பலகையே அவளுடைய கற்பனை. அதையும் அடித்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் அவர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்களே.)

5

மேல்முறையீட்டு விசாரணை நாளன்று கணினிப் பெட்டியை அவள் சுமந்தாள், திரையைக் கணவர் சுமந்தார்.

"விளையாட்டெல்லாம் கொண்டு வந்திருக்கீங்களேம்மா," என்றார் குழுத் தலைவர்.

"பாத்துட்டுச் சொல்லுங்க சார்."

பார்த்தார்கள். பலகையோடு ஒரு முறை, பலகை இல்லாமல் ஒரு முறை. அறையின் ஓரத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த தொழிலாளிதான் முதலில் வாயைத் திறந்தார். வளைவுக்கு முதுகு காட்டி வேலை செய்தவர், எதையும் பார்க்காதவர்.

"அந்தப் பலகையை இதுல யாரு வெச்சது?"

கணவர் அவளுடைய முழங்கையைத் தொட்டார். அவள் அவர் கையை விலக்கினாள்.

"நான்தான் வெச்சேண்ணா. இதுல வெச்சது நான். அங்கே எடுத்தது யாருன்னு இவங்களைக் கேளுங்க."

தொழிலாளி ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, தலைவரின் மேசைப் பக்கம் திரும்பினார். தலைவர்—

இந்த இடத்தில் நான் தட்டச்சை நிறுத்தி எழுந்துவிட்டேன். தலைவரை நல்லவராக்க எனக்கு ஒரு வரி போதும். ஆனால் அவள் விளையாட்டில் நட்ட பலகையைப் போல, அதுவும் நானே வைத்ததாகத்தான் இருக்கும். உங்களில் எத்தனையோ பேர் இப்படி மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்கள். அந்தத் தொழிலாளி, பலகையை எடுத்தது யார் என்று உங்களைப் பார்த்து நிற்கிறார். பதில் சொல்லுங்கள்.