அக்கரையில் விளக்கு போட்ட வண்டிகள்

அப்பாவின் அடக்கத்துக்குப் போக கான்ராடுக்கு வழி இல்லை. அவர் உடல் டெட்ராய்ட்டில் கிடந்தது, இவன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், கனடாவின் விண்ட்ஸரில் இருந்தான். நடுவில் அரை மைல் தண்ணீரும் ஒரு பாலமும். பாலத்தைத் தாண்டினால் அமெரிக்கா, கால் வைத்ததும் கைது. பட்டாளத்துக்குக் கூப்பிட்டபோது போகாமல் ஓடி வந்தவனுக்கு மூன்று வருஷமாக இதுதான் நிலைமை.

முந்தின நாள் அக்கா லோரெய்ன் ஃபோன் செய்தாள்.

"நீ பாட்டுக்கு கிளம்பி வந்துடாதடா. சர்ச் வாசல்ல மஃப்டி போலீஸ் ரெண்டு பேர் கார்லயே உக்காந்திருக்காங்க. அப்பன் சாவுக்கு பிள்ளை வருவான்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"முகத்தக்கூட பாக்க முடியாதாக்கா?"

"முகம் முடியாது. ஊர்வலத்தப் பாக்கலாம். பாலத்துக்குக் கீழ நம்ம டெட்ராய்ட் பக்கம் பூங்கா இருக்கில்ல, அது வழியா வண்டிய விடச் சொல்லியிருக்கேன். காலைல பத்தரை. நேர் எதிர்ல வந்து நில்லு."

சவ ஊர்வலத்தில் பட்டப்பகலிலும் எல்லாக் கார்களும் முன்விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போகும். அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று அவள் கணக்கு.

ஒன்பதரைக்கே போய் நின்றுவிட்டான். மார்ச் மாதத்துத் தூறல், ஊசி ஊசியாகக் குளிர். எதிரே அப்பா வேலை பார்த்த கார் தொழிற்சாலையின் புகைபோக்கி தெரிந்தது. மூன்று வருஷமாக அதைப் பார்த்துத்தான் காலம் தள்ளினான். மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடியும், மூன்றரைக்கு அப்பா வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் பேப்பரில் பேஸ்பால் பக்கத்தை உரக்கப் படிப்பார். யாரும் கேட்காவிட்டாலும் படிப்பார். அந்தக் குரலுக்காக அவன் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சம் இல்லை.

எல்லாம் அந்தக் குலுக்கலால் வந்தது. அறுபத்தொன்பது டிசம்பர் முதல் தேதி, சாயங்காலம். டி.வி.யில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி, அதற்குள் நீல நிறக் குப்பிகள் முன்னூற்று அறுபத்தாறு. ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி. முதலில் வரும் தேதியில் பிறந்தவன் முதலில் பட்டாளத்துக்கு, அங்கிருந்து வியட்நாமுக்கு. கடைசியில் வருபவன் பிழைத்தான். நாட்டில் இத்தனை பேர் படித்தவர்கள் இருந்து, பிள்ளைகளைச் சாவுக்கு அனுப்ப இதைவிட நல்ல யோசனை யாருக்கும் தோன்றவில்லை.

அன்று வீட்டில் அப்பா வால்டர், அவருடன் வேலை பார்த்த சிக்மண்ட் மாமா, கான்ராட் மூன்று பேர்தான். முதல் குப்பியைத் திறந்தார்கள். செப்டம்பர் பதினாலு.

"எவன் பெத்த பிள்ளையோ, மாட்டிக்கிட்டான்," என்று அப்பா எழுந்தார். "ஆற அமர உக்காருங்கடா, இது ரொம்ப நேரம் ஓடும். பியர் எடுத்துட்டு வரேன்."

அவர் சமையலறைக்குப் போய் வருவதற்குள் இரண்டாவது குப்பி. ஏப்ரல் இருபத்து நாலு.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"வந்துடுச்சுப்பா."

"என்ன வந்துச்சு?"

"என் தேதி. ரெண்டாவது."

சிக்மண்ட் மாமா அவன் முதுகில் தட்டினார். "வால்டர், உன் வம்சத்துக்கே லாட்டரில ஒரு குண்டூசி விழுந்ததில்ல. பையன் முதல் தடவையே அடிச்சிட்டான் பாரு!"

யாரும் சிரிக்கவில்லை. அப்பா தன் பாட்டிலையும் சேர்த்து மகன் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். மீதி குப்பிகளை எல்லாம் கடைசி வரை பார்த்தார், ஏதோ தப்பு நடந்துவிட்டது, அந்தத் தேதி மறுபடி வரும் என்பது போல.

அடுத்த வருஷம் உத்தரவு வந்தது. போக மாட்டேன் என்றான் கான்ராட். இத்தாலியில் சண்டை போட்டுக் காலில் குண்டுச் சில்லோடு திரும்பிய மனிதர் அப்பா. "அப்ப என் கண்ணுல முழிக்காத," என்றார். கோபத்தில் எந்த அப்பாதான் அப்படிச் சொல்லவில்லை? இந்த மடையன் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தான்.

பத்தேகால் மணிக்கு அக்கரையில் விளக்கு போட்ட கார்கள் வரிசையாக வந்தன. தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டான். "அப்பா, அப்பா" என்று வாய்விட்டு அழுதான். வரிசை முடிகிறபாடாக இல்லை. பஸ் வந்தது. பால் லாரி வந்தது. தூறலுக்காக ஊர் முழுக்க விளக்கு போட்டுக்கொண்டு போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. பால் லாரிக்குச் சிலுவை போட்டவன் அந்த ஊரிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை விளக்கில் எது அப்பாவுடையது? போயே போய்விட்டாரோ?

பத்தரைக்கு ஒரு நீளமான கறுப்பு வண்டி சாலையை விட்டுப் பூங்காவுக்குள் இறங்கியது. பின்னாலேயே பத்துப் பன்னிரண்டு கார்கள். வண்டி நிற்காமல் கடந்து போகும் என்றுதான் நினைத்தான். ஆனால் அது தண்ணீர் ஓரம் வரை வந்து, திரும்பி, ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றது. கட்டையான ஓர் ஆள் நடந்து வந்து பின்கதவைத் திறந்தார். சிக்மண்ட் மாமாவாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே வெளிறிய நிறத்தில் சவப்பெட்டி நீளமாகத் தெரிந்தது. கார்களிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் ஒதுங்கி நின்று இடம் விட்டார்கள்.

கான்ராட் கையை உயர்த்தினான். இறக்க மனம் வரவில்லை. கதவு மூடி, வண்டிகள் மேலேறி, கடைசி விளக்கும் மறைந்த பிறகும் கை அப்படியே இருந்தது.

சாயங்காலம் அக்கா ஃபோன் செய்தாள். "பாத்தியா?"

"பாத்தேன்க்கா. கதவத் திறந்தாங்களே... உனக்கு எப்படித்தான் தோணுச்சோ. கோடி புண்ணியம் உனக்கு."



"நான் இல்லடா. அப்பாதான். ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே மாமாகிட்ட சொன்னாரு. ஆத்தோரமா கொண்டு போங்க, அவன் பக்கம் திருப்பிக் கதவத் திறங்கன்னு. லோரெய்ன் ஏற்பாடாவே இருக்கட்டும்னுட்டாரு. அவர் பேரச் சொன்னா நீ வரமாட்டியாம்."

"நான் வரமாட்டேன்னா நெனச்சாரு?"

"மூணு வருஷமா ஒரு ஃபோன் பண்ணலையேடா நீ."

"அவரும் பண்ணலையேக்கா."

"ஆமா," என்றாள் லோரெய்ன். "அவரும் பண்ணல."