மூன்று காதுக் கிடார்

மனித குலம் இதுவரை செய்திருக்கும் முட்டாள்தனங்களில் முதலிடம் செத்தவரிடம் பேசுவதற்குத்தான் என்பதைத் தமிழரசு, கையில் சூடான சால்டரிங் அயர்னோடு, நண்பன் அமல்ராஜுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். இரண்டாம் இடத்துக்குக் கடும் போட்டி இருந்தது. முதலிடத்தில் சந்தேகமே இல்லை. மாடி அறைக்கு நேர் கீழே, கூடத்தில், அவனுடைய அப்பா வீரராகவன் கண்ணாடிப் பெட்டிக்குள் குளிர்ந்துகொண்டிருந்தார்.

"அத்தையப் பாத்தியா மச்சான்? கெளம்பும்போது சொல்லிட்டுப் போவும் பாரு, நாளைக்குப் பேசறேன்னு."

நாகம்மா அத்தை அப்பாவின் கூடப்பிறந்தவள். காலையில் குத்தம்பாக்கத்திலிருந்து வந்து, பெட்டியின் மேல் கையை வைத்து, முதலில் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டாள். பஸ்ஸே இல்லை, பூந்தமல்லி போய் மாறி வந்தேன், கோபித்துக்கொள்ளாதே என்றாள். பிறகு போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டதையும், சின்னவளுக்கு வரன் திகைந்திருப்பதையும், மாப்பிள்ளை கொஞ்சம் குள்ளம் என்பதையும் வரிசையாகச் சொன்னாள். அப்பா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. உயிரோடு இருந்தவரை, அத்தை பேச ஆரம்பித்ததுமே சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுகிற மனிதர்.

அமல்ராஜ் சிரிக்கவில்லை. தமிழரசின் மடியில் இருந்த கிடாரைப் பார்த்தான்.

"இப்ப எதுக்குடா இது?"

"அயர்ன் சூடாயிடுச்சு. வீணாப் போவும்."

கிடார் விஷயத்திலும் தமிழரசுக்கு இதே அளவு உறுதி உண்டு. எலக்ட்ரிக் கிடாரில் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்ற காந்தச் சுருள் இருக்கும். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்பிளிஃபயருக்கு அனுப்புவது அதன் வேலை. மற்றவர்கள் கடையில் கொடுக்கிற ஜோடியை அப்படியே பொருத்திக்கொள்வார்கள். தமிழரசின் கிடாரில், கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜ் பக்கம் முரட்டுக் குரலில் ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள், கழுத்துப் பக்கம் மெல்லிய குரலில் சிங்கிள் காயில் என்ற ஒற்றைச் சுருள். நடுவில், இங்கே அவன் குரலைத் தாழ்த்திக்கொள்வான், பழைய லேண்ட்லைன் ரிசீவரிலிருந்து கழற்றிய வட்டச் சுருள். இந்த மூன்றையும் ஒரே கட்டையில் சேர்த்தவன் ஆவடியிலிருந்து அரக்கோணம் வரை எவனும் கிடையாது என்று கல்லூரியில் சொல்லிவைத்திருந்தான். அரக்கோணத்துக்கு அப்பால் விசாரணை நடந்துகொண்டிருந்தது.

அப்பாவுக்குக் கிடாரும் வீணையும் ஒன்றுதான். அம்பத்தூர் மரக்கடையிலிருந்து அந்தக் கிடாருக்கான தேக்குப் பலகையை மொபெட்டில் குறுக்கே வைத்துக்கொண்டு, வழியெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டு, நெமிலிச்சேரி வரை ஓட்டி வந்தவர் அவர். அதற்குப் பிறகு அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: எப்போது வாசித்துக் காட்டுவாய்? தமிழரசிடமும் ஒரே பதில்தான். முடியட்டும், அரைகுறையாகக் காட்டுகிற ஆள் நான் இல்லை.

முடியாமல் இருந்ததற்குக் காரணம் நடுப் பிக்கப். தனியாகப் போட்டால் பேசியது. மற்றவற்றோடு சேர்த்துப் போட்டால் மொத்தச் சத்தமும் மெலிந்து, சளி பிடித்த கொசு மாதிரி ஆனது. நெஞ்சு வலி என்று அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றும் அது அப்படித்தான் இருந்தது.

"ஊட்டுக்கு வந்ததும் வாசிடா," என்றார் அப்பா, மூக்கில் குழாயோடு.

"மொதல்ல நீ ஊட்டுக்கு வா நைனா."

வரவில்லை என்று அவரைக் குறை சொல்ல முடியாது. நேற்று சாயந்திரமே வந்துவிட்டார். இன்று நாலு மணிக்கு எடுப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

கீழிருந்து அம்மா கூப்பிட்டு அனுப்பினாள். டாங்க் ஃபேக்டரியிலிருந்து அப்பாவோடு வேலை செய்தவர்கள் மாலையோடு வந்திருந்தார்கள். பெட்டியைச் சுற்றி வந்து நின்றவர்கள், கொஞ்ச நேரத்தில் அப்பாவை விட்டுவிட்டுத் தமிழரசைப் பார்க்க ஆரம்பித்தார்கள். புதிதாக வந்த மிஷினைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். கடைசியில் ரகுநாதன் என்பவர் பக்கத்தில் வந்தார்.

"மூணு காது கிடார் நீதானாப்பா?"

தமிழரசுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். கேன்டீனில் தினமும் இந்தப் பேச்சுதானாம். டிபன் பாக்ஸ் மூடிகளை மேஜை மேல் வரிசையாக வைத்து அப்பா பாடம் எடுப்பாராம். ஒரு காதுக்குத் தடிப்பாகக் கேட்கும், ஒரு காதுக்குச் சன்னமாகக் கேட்கும், நடுவில் இருப்பது போன் காது, அதற்கு எவ்வளவு தூரத்தில் பேசினாலும் கேட்கும். ஒருநாள் சாம்பார் கிண்ண மூடியைக்கூட எடுத்துக்கொண்டாராம். சாப்பிட வந்த போர்மேன் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தொழில்நுட்ப ரீதியாக இதில் பல பிழைகள் இருந்தன. தமிழரசு எதையும் திருத்தவில்லை.

"அவருக்கு வாசிச்சுக் காட்னியா?" என்றார் ரகுநாதன்.

"நடுவுல கீறது இன்னும் சரியாவல சார்."

அவர் தலையாட்டினார். கையிலிருந்த டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழரசின் தோளைத் தொட்டுவிட்டு, செருப்பைத் தேடப் போனார்.

தமிழரசு மாடிக்கு ஓடவில்லை. சாதாரணமாக நடக்கிறவன் இரண்டிரண்டு படியாகத் தாண்ட நேர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படிப் போனான். கிடாரைக் குப்புறப் போட்டு, மூடியைக் கழற்றி, முதல் தடவையாக, தான் ஒரு மேதை என்ற எண்ணம் இல்லாமல் உள்ளே பார்த்தான். ரிசீவர் சுருளின் இரண்டு ஒயர்களும் தலைமாறி இருந்தன. மற்ற இரண்டும் இழுக்கும்போது இது தள்ளிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக அவன் காந்தத்தைச் சந்தேகப்பட்டிருந்தான், கட்டையைச் சந்தேகப்பட்டிருந்தான், நெமிலிச்சேரியின் மின்சாரத்தைச் சந்தேகப்பட்டு மின்வாரியத்தைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருந்தான். ஒயர்களை இடம் மாற்றி ஈயத்தால் பற்றவைத்தான். வேலையைத் தொடங்கும்போது பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன டீ இன்னும் சூடாகவே இருந்தது.

"இவ்ளோதானா?" என்றான் அமல்ராஜ்.

"இவ்ளோதான்."

ரயில் ஒன்று போய் முடிகிறவரை உட்கார்ந்திருந்தார்கள்.

வாசலில் மேளக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். ஆண்கள் பாடைக்கு மூங்கில் கட்டப் போய்விட்டார்கள். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத அம்மாவை, இரண்டு வாய் கஞ்சியாவது குடி என்று பெண்கள் பின்கட்டுக்கு இழுத்துப் போயிருந்தார்கள். கூடம் காலியாக இருந்தது.

"டெஸ்ட் பண்ணணும்," என்றான் தமிழரசு, படியிறங்கிக்கொண்டே. "கீழ்ப் பாயிண்ட்லதான் எர்த் நல்லா கீது."

"ஆமா மச்சான். எர்த்து முக்கியம்," என்றான் அமல்ராஜ். சின்ன ஆம்பிளிஃபயரைத் தூக்கிவந்து, குளிர்பெட்டியின் பிளக்குக்குப் பக்கத்தில் சொருகிவிட்டு, வெளியே போனான். போகும்போது கதவைச் சாத்தினாற்போல் வைத்தான்.

சிங்கிள் காயிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் மோட்டார் ஓடினால் அதையும் சேர்த்துப் பாடும். பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கிடார் தேன்கூடு மாதிரி இரைந்தது. இதற்கு வைத்தியம், கிடாரோடு ஆள் மெதுவாகச் சுற்றுவது. ஏதாவது ஒரு கோணத்தில் அடங்கும். வாசலைப் பார்த்துத் திரும்பினான், கூடியது. டிவி பக்கம் திரும்பினான், அப்படியே இருந்தது. அப்பாவின் தலைமாட்டுக்கு வந்து, அவர் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் குனிந்தபோது அடங்கியது. அங்கேயே முட்டி போட்டு உட்கார்ந்தான்.

சத்தத்தைக் குறைத்து, சுவிட்சை முதல் பிக்கப்புக்கு மாற்றி, கம்பியை ஒரு தட்டுத் தட்டினான். ஸ்வரம் எழுந்து, பெட்டியின் மேல் கிடந்த மாலையைத் தாண்டி, கூடத்தில் பரவி, நின்றது.

"இது பிரிட்ஜுகிட்ட கீறது நைனா," என்றான். "தடிப்பா கேக்கும்."

சுவிட்சைத் தள்ளினான். "இது கழுத்தாண்ட. சன்னமா வரும். கொஞ்சம் எரைச்சல் கீது, அது பெட்டியோட மோட்டாரு. என் வேலைல தப்பு இல்ல."

கதவு திறந்தது. தண்ணீர்க் குடத்தோடு நாகம்மா அத்தை நின்றாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் வந்துகொண்டிருந்தார்கள். அத்தை அவர்களைக் கையால் தடுத்தாள்.

"இருங்க," என்றாள். "பேசிகினு கீறாங்க."

கதவை மறுபடி சாத்திக்கொண்டாள்.

தமிழரசு நிமிரவில்லை. கண்ணாடியில் பனி படிந்து அப்பாவின் முகம் மங்கியிருந்தது. சட்டைக் கையால் அதைத் துடைத்தான். நெற்றி, மூக்கு, நாடிக் கட்டு எல்லாம் தெளிவாகத் தெரிகிறவரை துடைத்தான். பிறகு சுவிட்சைக் கடைசிவரை தள்ளினான்.

"இப்ப மூணும் சேத்து," என்றான்.