இரண்டு அட்டைப்பெட்டிகள்

இரண்டு பெட்டிகளையும் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். திங்கட்கிழமை வந்தது அண்ணனுக்கு, உள்ளே கேம்ஷாஃப்ட். புதன்கிழமை வந்தது தம்பிக்கு, உள்ளே டார்க் கன்வெர்ட்டர். மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்ததுமே ஒரே காருக்கு வந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்று தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே அனுப்பிவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்கிற அளவுக்கு அப்போது எனக்குள் எதுவும் வேலை செய்துகொண்டிருக்கவில்லை. முந்தின வாரம் மேஜை டிராயரில் விரலை நசுக்கிக்கொண்டேன். மறுநாள் நகம் கறுத்திருப்பதைப் பார்த்துத்தான் அதுவே எனக்குத் தெரிந்தது.

அப்பா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தியும் எட்டு மாதம். பட்டறை அப்பா ஆரம்பித்தது. இடதுபக்கம் இன்ஜின் வேலை, அது அண்ணன். வலதுபக்கம் கியர்பாக்ஸ், அது தம்பி. வாசலில் கண்ணாடித் தடுப்புக்குள் போனும் பில் புத்தகமுமாக நான், இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் எண்ணெய்க் கறை படிந்த பத்தடி சிமெண்ட் தரை இருக்கிறது. அந்தப் பத்தடியை ஒரு ஸ்பேனர் தாண்ட வேண்டுமென்றால்கூட வாசலுக்கு வந்து என் வழியாகத்தான் போகும்.

"அந்த மடையன்கிட்ட சொல்லு" என்று அண்ணன் ஆரம்பிப்பார். அது என் வாய்க்குள் போய் "அண்ணன் ஒண்ணு சொல்லச் சொன்னார்" என்று வெளியே வரும். "அவருக்கு என்ன தெரியும்னு கேளு" என்பான் தம்பி. "அவனுக்கு ஒரு சந்தேகமாம்" என்று அண்ணனிடம் சொல்வேன். முள்ளெல்லாம் எடுத்துவிட்டுப் பரிமாறுவது மாதிரிதான். இப்படியே செய்து செய்து, என் பேச்சு என்று தனியாக எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று.

சண்டைக்குக் காரணம் ஆஸ்பத்திரி. அப்பா பதினோரு நாள் மெஷினில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாள் காலை டாக்டர் எங்கள் மூன்று பேரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இனி தேற வழியில்லை, மெஷினை எடுப்பது உங்கள் முடிவு என்றார். இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றான் தம்பி. போதும், அவரை விட்டுவிடலாம் என்றார் அண்ணன். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றேன். அண்ணன் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் தம்பி அவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: "உனக்கு எப்பவுமே அவசரம்." அதோடு சரி.

பட்டறையை இரண்டாகப் பிரிப்பது என்று முடிவாகி, நடுவில் சுவர் வைக்கக் கொத்தனாரிடமும் சொல்லியாயிற்று. கேட் ஓரத்தில் செங்கல் வந்து இறங்கிவிட்டது. கையில் இருக்கிற பல் டாக்டர் வண்டி முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பம். சுவர் வந்த பிறகு நான் எந்தப் பக்கம் உட்காருவேன் என்று இருவரும் தனித்தனியாக என்னைக் கேட்டிருந்தார்கள். இரண்டு பேரிடமும் "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்திருந்தேன். அந்த வார்த்தையை வைத்தே நான் ஆயுளை ஓட்டிவிடுவேன்.

பல் டாக்டருடையது ஆட்டோமேட்டிக் வண்டி. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சீறிக்கொண்டு போக வேண்டும் என்பது அவருக்கு ரொம்ப நாள் ஆசை. நோயாளிகளைப் பயமுறுத்துவது போதவில்லை போலிருக்கிறது. அதற்கு இன்ஜினுக்குள் இருக்கிற கேம்ஷாஃப்டை மாற்ற வேண்டும். வால்வுகள் எப்போது திறக்கலாம், எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்று முடிவு செய்கிற தண்டு அது. பெரிய கேம் போட்டால் இன்ஜின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுக்கு மேலேதான் முழுசாக விழிக்கும், அதற்குக் கீழே தூங்கி வழியும். கன்வெர்ட்டர் என்பது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் நிரம்பி உட்கார்ந்திருக்கிற மூடிய பானை. இன்ஜின் இத்தனை சுற்று சுற்றும்வரை விட்டுப்பிடிப்பேன், பிறகு இறுக்கிப் பிடிப்பேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. இன்ஜின் விழிக்கிற இடமும் பானை பிடிக்கிற இடமும் ஒத்துப்போனால்தான் வண்டி வண்டியாக ஓடும்.

"பெரிய கேம் போடுறேன். மூவாயிரத்துக்குப் பிடிக்கிற கன்வெர்ட்டரா அவனைப் பார்த்து வாங்கச் சொல்லு" என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். தம்பியிடம் சொன்னேன்.

"பிள்ளைங்களை ஸ்கூல்ல விடுற வண்டிக்கா இது. சிக்னலுக்கு சிக்னல் நின்னா ஆயில் வெந்துடும். சின்ன கேமா போடச் சொல்லு" என்றான் தம்பி. அண்ணனிடம் சொன்னேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார். இவனும் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகுதான் பெட்டிகள் வந்தன. அண்ணன் பெட்டியில் இருந்தது ஆயிரத்து ஐந்நூறிலேயே விழித்துக்கொள்கிற சின்ன கேம். தம்பி பெட்டியில் இருந்தது மூவாயிரத்துக்குப் பிடிக்கிற கன்வெர்ட்டர். தம்பி சொன்னதை அண்ணன் கேட்டிருந்தார், அண்ணன் சொன்னதைத் தம்பி கேட்டிருந்தான். விட்டுக்கொடுத்ததை வாய்விட்டுச் சொல்ல மட்டும் இரண்டு பேருக்கும் மனசில்லை. எனக்கு இது சிரிப்பையும் தரவில்லை, அழுகையையும் தரவில்லை. திரும்பி வந்த காலிப் பெட்டிகளை அலமாரியில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பூட்டினார்கள். ஒரே வண்டிக்கு அடியில் இரண்டு பேரும் இரண்டு மணி நேரம் கிடந்தார்கள். ஒரு கை நீளும், இன்னொரு கை அதில் போல்ட்டை வைக்கும். கேமும் கன்வெர்ட்டரும் உள்ளே மூடிக் கிடந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை அண்ணன் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். பெரிய கேம் போட்ட இன்ஜின், வண்டி நிற்கும்போதுகூட தடக் தடக் என்று அதை உலுக்கும். இது புது வண்டி மாதிரி சீராக ஓடியது. பானெட் பக்கத்தில் நின்ற தம்பியின் நெற்றி சுருங்கியது. அண்ணன் கியரைப் போட்டு மிதித்தார். இன்ஜின் கத்தியது, முள் இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டியது, வண்டி மட்டும் யோசித்து யோசித்து நகர்ந்தது. தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தபோது சூடான எண்ணெய் வாடை அடித்தது.

அண்ணன் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். "கியர்பாக்ஸ் வழுக்குது. ஒழுங்கா மாட்டினானான்னு அவனைக் கேளு."

தம்பி அவருக்கு நாலடி தள்ளித்தான் நின்றான். "கியர்பாக்ஸ்ல ஒண்ணும் இல்லக்கா. பெரிய கேம் போடுறேன்னாரே, அது எங்கேன்னு அவரைக் கேளு."

இரண்டு பேரும் நான் எடுத்துக்கொண்டு போவதற்காகக் காத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டு போக எனக்கு இடமே இல்லை, அவ்வளவு பக்கத்தில் நின்றார்கள். உள்ளே போய் இரண்டு காலிப் பெட்டிகளையும் எடுத்து வந்து பானெட் மேல் வைத்தேன்.

"படிங்க" என்றேன்.

அண்ணன் தம்பியின் பெட்டியைப் படித்தார். தம்பி அண்ணனின் பெட்டியைப் படித்தான். இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தம்பிதான் கையை உள்ளே விட்டு அணைத்தான்.

"நீதானேடா ஆயில் வெந்துடும்னு சொன்ன" என்றார் அண்ணன். எட்டு மாதம் கழித்து 'நீ' என்று வந்தது. அவரே அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. "நியாயம்தானேன்னு சின்னதா வாங்கினேன்."

"நீ ஒண்ணு சொன்னா மாத்த மாட்டியேன்னு நான் பெருசா வாங்கிட்டேன்" என்றான் தம்பி.

பிறகு இரண்டு பேர் பார்வையும் பெட்டிமேல் ஒட்டியிருந்த டெலிவரி சீட்டின் கையெழுத்துக்குப் போயிற்று. என் கையெழுத்து.

"உனக்குத் தெரியுமா?" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தியா?" என்று அண்ணன் கத்தினார்.

தம்பி கத்தவில்லை. "அன்னைக்கும் இப்படித்தான் நின்ன" என்றான். "ஆஸ்பத்திரியில. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என்னதான் நினைச்ச அன்னைக்கு?"

அதுவரை யாரும் அதை என்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பதில் தயாராக இருந்ததுதான் எனக்கே ஆச்சரியம்.

"போதும்னுதான்டா நினைச்சேன். பதினோரு நாளும் அதையேதான் நினைச்சேன். என் வாயால சொல்ல பயம். அண்ணன் சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. பழி அவர் தலையில போச்சு, நான் தப்பிச்சேன். அவசரம் அண்ணனுக்கு இல்ல, எனக்குத்தான்."

அண்ணன் அப்படியே செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த துணியால் சுத்தமான விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எட்டு மாதமாக அந்தக் கையெழுத்தை அவர் தனியாகச் சுமந்திருக்கிறார். நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். சொன்ன பிறகு மனசு லேசாகும் என்பார்கள், எனக்கு ஒன்றும் லேசாகவில்லை. கறுத்த நகம் மட்டும் விண்விண்ணென்று தெறித்தது.

தம்பி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பிறகு அண்ணனுக்கு எதிரே போய் நின்றான்.

"இப்ப எதை மாத்துறது? உன்னோடதையா, என்னோடதையா?"

அண்ணன் செங்கல் அடுக்கிலிருந்து எழுந்தார். "கேம் இருக்கட்டும். நீ சொன்னதுதான் சரி, பிள்ளைங்க போற வண்டி. ரெண்டாயிரத்துக்குப் பிடிக்கிற மாதிரி கன்வெர்ட்டரைப் போடு."

"சரிண்ணா" என்றான் தம்பி.

மறுபடி கியர்பாக்ஸை இறக்கத் தொடங்கினார்கள். கோபம் தீர்ந்துவிட்டது என்றெல்லாம் இல்லை. என்னிடம்தான் இரண்டு பேரும் பேசவில்லை. நான் தடுப்புக்குள் போய் உட்கார்ந்து, பல் டாக்டருக்கு போன் போட்டு வண்டி செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும் என்று சொன்னேன்.

மத்தியானம் கொத்தனார் சைக்கிளை கேட்டில் சாய்த்துவிட்டு வந்தார். "நாளைக்குக் காலையில சுவருக்கு நூல் பிடிச்சுடலாமாம்மா?"

வழக்கப்படி, அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன், தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் வாய் போயிற்று. நிறுத்திக்கொண்டேன்.

"சுவர் வேண்டாங்க" என்றேன்.

"யாரு சொன்னது, பெரியவரா சின்னவரா?"

"நான் சொல்றேன்."